கேட்காமல் போட்ட மதிப்பெண்

“நெட்டை எங்கடா? அவன் ரேங்க் கார்டும் வந்திருக்கு!”

“நெட்டையா? அவன் வேற ஊருக்குப் போய் மூணு மாசம் ஆச்சே!” என்றது பின்வரிசை.

மதிப்பெண் அட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தவள் வகுப்புத் தலைவி. கோபம் வந்தால் படபடவென்று வெடிப்பாள் என்பதால் எல்லோருக்கும் அவள் பட்டாசுதான். கையில் மிஞ்சிய நெட்டையின் அட்டையை விரித்தாள். தமிழுக்கு ஒரு கோடு. கணக்குக்கு ஒரு கோடு. அறிவியலுக்கும் கோடு. இசைக்கு மட்டும் ‘மிக நன்று’.

தன் அட்டையைப் பார்த்தாள். இசை: மிக நன்று. பக்கத்தில் இருந்த தோழியின் அட்டையைப் பிடுங்கினாள். எப்போதும் பட்டாசோடு ஒட்டிக்கொண்டே திரிவதால் அந்தத் தோழிக்குக் கோந்து என்று பெயர். அவளுக்கும் மிக நன்று.

“நீ இந்தப் பருவத்துல ஒரு பாட்டாவது பாடினியாடி?”

“வாயே திறக்கலை. அதனால என்ன? நல்ல மார்க்குதானே, பேசாம வாங்கிக்கோ!”

“நல்ல மார்க்கா? மூணு மாசமா புல்லாங்குழல் ஊதி எனக்கு உதடே வீங்கிப்போச்சு. கீழ்வீட்டு அக்கா தினமும் வந்து, ‘குக்கர் விசிலடிச்சுக்கிட்டே இருக்கு, யாராவது இறக்குங்க’ன்னு சொல்லிட்டுப் போறாங்க. அத்தனையும் தாங்கிக்கிட்டு ஊதினேன். பள்ளிக்கூடத்துலயே இல்லாத நெட்டையும் நானும் ஒண்ணா?”

காது மடல் சிவக்க, தன் அட்டையோடும் நெட்டையின் அட்டையோடும் பாட்டு அறைக்கு நடந்தாள். கோந்து பின்னாலேயே ஓடினாள்.

உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து, பாட்டு டீச்சர் ஆர்மோனியத்தின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், எனக்கு எதுக்கு ‘மிக நன்று’ போட்டீங்க?”

டீச்சர் நிமிர்ந்தார். “குறைச்சுப் போட்டாத்தான் சண்டைக்கு வருவாங்க. நீ என்னம்மா, நல்லதாப் போட்டதுக்கு வர்றே?”

“நான் ஊதினதை நீங்க கேட்கவே இல்லையே! இதோ பாருங்க, நெட்டை. இவன் எங்கிருந்து பாடினான்?”

அட்டையைப் பார்த்ததும் டீச்சரின் முகம் சுருங்கியது. அடுத்த நொடி, கையிலிருந்த துணியைப் பெஞ்சில் ஓங்கி அடித்தார். தூசி பறந்தது.

“எனக்கு மட்டும் ஆத்திரம் இல்லையா? சொல்லு, இந்தப் பருவத்துல எத்தனை பாட்டு பீரியட் நடந்தது?”

“ரெண்டு.”

“மீதியெல்லாம்?”

“கணக்கு சார் எடுத்துக்கிட்டார்.”

“ஹெட்மாஸ்டர்கிட்ட போய்ச் சொன்னேன். ‘பாட்டுல யாரு ஃபெயிலாகப் போறாங்க? நல்லதா எதையாவது எழுதிக் கொடுங்க’ன்னுட்டார். மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே மூச்சுல எழுதித் தள்ளிட்டேன். தப்புதான்.”

டீச்சர் மறுபடி ஆர்மோனியத்தைத் துடைக்க ஆரம்பித்தார். பட்டாசுக்கு இனி டீச்சரோடு சண்டை இல்லை. ஆனால் கோபம் மட்டும் இறங்கவே இல்லை.

“நாளைக்கு எங்களுக்குப் பாட்டு பீரியட், டீச்சர். நாற்பது நிமிஷம். நாங்க முப்பத்தாறு பேர். ஆளுக்கு ஒரு நிமிஷம். வரிசையா அனுப்புறது என் வேலை. கேட்பீங்களா?”

“கேட்காம என்ன? பீரியடை யாரு விட்டுக்கொடுப்பாங்க?”

“அதை நான் பார்த்துக்கிறேன்.”

ஆசிரியர் அறையில் கணக்கு சார் வேறொரு வகுப்பின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

“சார், இதையெல்லாம் பார்க்காமலே எல்லாருக்கும் தொண்ணூறு போட்டுடுங்களேன். சீக்கிரமா வீட்டுக்குப் போகலாம்.”

“என்ன திமிரு! உழைச்சு எழுதினவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?”

“நானும் உழைச்சேன் சார். என்னை மட்டும் யாரும் கேட்கலை.” நெட்டையின் அட்டையை விடைத்தாள்மேல் வைத்தாள்.

சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி படித்தார்.

“நாளைக்கு மட்டும்தான்,” என்று உறுமினார்.

“இல்ல சார். அடுத்த பருவத்துலயும் வாரா வாரம் வேணும். அது எங்க பீரியட்.”

கோந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சார் முறைத்தார். பட்டாசும் கண்ணை எடுக்கவில்லை.

“சரி, போ!” என்றார் சார்.

மறுநாள் ஒருவன் மேசையில் தாளம் போட்டான். ஒருத்தி பாதியில் பாட்டை மறந்து, அப்படியே ஆடிக் காட்டினாள். கோந்தின் முறை வந்தபோது அவள் பட்டாசின் கையை விடவே இல்லை.

“எனக்கு வராதுடி!”

“என் முகத்தை மட்டும் பார்த்துப் பாடு. நான் சிரிச்சா வந்து கிள்ளு.”

பட்டாசு சிரிக்கவில்லை. கோந்து பாடி முடித்தாள். ‘இனிமையான குரல். இன்னும் பலமாகப் பாடு’ என்று டீச்சர் எழுதிக் கொடுத்ததை ஐந்து முறை படித்தாள்.

பட்டாசின் அட்டையில் பழையதை அடித்துவிட்டு இப்படி எழுதியிருந்தது: ‘நன்று. சுருதி சுத்தம். மூன்றாவது வரியில் தாளத்தை மீறி ஓடுகிறாய்.’

வீட்டில் அம்மா அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். “சண்டை போட்டு மார்க்கைக் குறைச்சுக்கிட்டு வந்த பொண்ணு உலகத்துலயே நீ ஒருத்திதான்டி!”

“கேட்டுட்டுப் போட்டிருக்காங்கம்மா. நிஜமாவே அங்க ஓடுறேன்.”

அறைக்குள் போய்க் குழலை எடுத்தாள். இப்போது அவள் கோபமெல்லாம் அந்த மூன்றாவது வரியின் மேல்தான்.