பீரோவிலிருந்து போன குரல்

காலை ஒன்பது மணிக்கு அக்கா அலுவலக இரும்பு பீரோவைத் திறந்தாள். ஊதா டப்பா இருந்தது; உள்ளே இருந்த மெமரி கார்டைக் காணோம். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

கத்தவில்லை. டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

போனது ஒரு பெண்ணின் குரல். ஒரு மத அறக்கட்டளை நடத்தும் பராமரிப்பு இல்லத்தில், முதியவர் ஒருவர் கட்டிலோடு கட்டப்பட்டே செத்ததைக் கண்ணால் பார்த்த பணிப்பெண். இன்னும் அங்கேயேதான் வேலை செய்கிறாள். பேட்டி எடுத்தவர் அக்காவின் கணவர். இந்தச் சின்னப் பத்திரிகையை அவள் தலையில் வைத்துவிட்டு, போன மாதம் கண்ணை மூடினார். அந்தப் பெண்ணின் பெயரையும் கூடவே கொண்டுபோய்விட்டார். இப்போது எச்சரிக்கலாம் என்றால்கூட யாரை எச்சரிப்பது? போலீசுக்கும் போக முடியாது. இல்லத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கியவரே இன்ஸ்பெக்டர்தான்.

சாட்சியின் குரலை அவர்கள் அப்படியே வெளியிடுவதில்லை. இதையும் அவளும் கணவருமாக எழுதியெடுத்து, அவள் தங்கையை வாசிக்க வைத்துப் பதிவு செய்தார்கள். அலுவலகத்தில் மற்றவர்கள் கேட்டது தங்கையின் செய்தி வாசிப்புக் குரலைத்தான். அசல், கோர்ட்டுக்கென்று பீரோவுக்குள் போனது.

அவளைத் தவிர மூன்று பேரிடம் சாவி இருந்தது. ஒவ்வொருவராகப் பின்னறைக்குக் கூப்பிட்டாள்.

முதலில் வக்கீல், கணவரின் சிநேகிதர்.

"நேத்து அறக்கட்டளை ஆளோட டீ குடிச்சீங்களாமே?"

வக்கீலின் விரல் காலரை நெருடியது. "சமாதானமாப் போலாமான்னு கேட்டாங்க அண்ணி. முடியாதுன்னுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க இருக்கிற நிலைமையில…"

"என் நிலைமையை நான் பார்த்துக்கறேன். போங்க."

அடுத்தவள் புகைப்படக்காரி. வாயைத் திறந்தால் வெடிப்பதால் பெயர் பட்டாசு.

"ஆமா, அசல் குரலைப் போட்டாத்தான் ஜனங்க நம்புவாங்கன்னு உங்ககிட்ட சண்டை போட்டேன். அதுக்காகத் திருடுவேனா? திருடறதா இருந்தா இந்த ஆபீஸ்ல ஓடற ஒரே ஃபேனையில்ல தூக்கியிருப்பேன்!"

கடைசியாகப் பக்கம் வடிவமைப்பவன். யார் எழுதினாலும் இரக்கமில்லாமல் வெட்டுவதால் கத்திரி.

"சாவி எங்கே?"

"இதோ இருக்குக்கா."

"நேத்து கடைசியாக் கிளம்பினது யாரு?"

"நான்தான். என்னைக்குமே நான்தானே?" அவன் குரல் தணிந்தது. "பயப்படாதீங்கக்கா. அவ்வளவு இருமலுக்கு நடுவுல அது யாரோட குரல்னு யாருக்குத் தெரியப் போகுது? காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம உட்கார்ந்திருக்கீங்க. முதல்ல ஏதாவது சாப்பிடுங்க."

அந்த வார்த்தை அவளுக்கு இதமாகத்தான் இருந்தது. சந்தேகமெல்லாம் வக்கீலையே சுற்றியது. காலர், டீ, மறைத்த பேச்சு. பேட்டியின் தட்டச்சுப் பிரதியை எடுத்து, அதில் வக்கீல் ஏதாவது குறித்திருக்கிறாரா என்று பக்கம் பக்கமாகப் பார்த்தாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. வாக்கியங்கள் அலம்பி வைத்த பாத்திரம் மாதிரி வரிசையாக நின்றன.

அவ்வளவு சுத்தம். அக்கா நிமிர்ந்தாள். மூவரையும் உள்ளே அழைத்தாள்.

"கத்திரி, கார்டைக் கொடு."

"இவனா?" பட்டாசு வாயைப் பிளந்தாள். "இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்தானே!"

"அந்தம்மா மூச்சுக்கு மூச்சு இருமினாங்க," என்றாள் அக்கா. "அதை நாங்க எழுதலை. என் தங்கை இருமி வாசிக்கலை. அசலைக் கேட்டது ரெண்டே பேர். ஒருத்தர் போயிட்டார். நான் யார்கிட்டயும் சொல்லலை. அப்போ உனக்கு மட்டும் இருமல் எப்படித் தெரியும்?"

கத்திரி மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தான். துணிக்கடியில் கார்டு இருந்தது.

"எங்கம்மா அந்த இல்லத்துலதான் படுத்த படுக்கையா இருக்காங்கக்கா. இதைக் கொண்டு வரலைன்னா ரோட்டுல இறக்கி விட்டுடுவோம்னாங்க. இன்னைக்கு மத்தியானம் கெடு."

"ஏன் இன்னும் கொடுக்கலை?"

"ஒரு தடவை போட்டுக் கேட்டேன்." அவன் உதடு கோணியது. "அந்தக் குரல் எங்கம்மாவுக்குச் சோறு ஊட்டறவங்களோடது."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "திருட்டு திருட்டுதான் அண்ணி."

"இருக்கட்டும். அந்தம்மா யாருன்னு இப்போ உலகத்துல இவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அந்த கேட்டுக்குள்ள பிள்ளைன்னு சொல்லிக்கிட்டு நுழையறதும் இவன் ஒருத்தனாலதான் முடியும்." அவள் கத்திரி பக்கம் திரும்பினாள். "அம்மாவுக்கு மூச்சுத் திணறுது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்னு சொல்லு. ஸ்ட்ரெச்சரோட மறுமுனையைப் பிடிக்க அவங்களையே கூப்பிடு."

"நம்பறீங்களாக்கா?"

"இல்லை. அதனாலதான் நானும் வர்றேன்."

பன்னிரண்டு மணிக்கு முன்பே வேன் இல்லத்து வாசலில் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் பட்டாசு, வாயே திறக்காமல். கேட் திறந்தது. முன்னால் கத்திரி, நடுவில் எலும்பும் தோலுமாக அவன் அம்மா, பின்முனையைப் பிடித்தபடி, சீருடையில் மெலிந்த ஒரு பெண். ஸ்ட்ரெச்சர் உள்ளே ஏறியதும் அவள் திரும்பி நடக்கப் பார்த்தாள்.

வேனுக்குள் இருந்த அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உங்களைப் பேட்டி எடுத்த சாரோட சம்சாரம் நான். ஏறும்மா."

அந்தப் பெண் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "என் பை உள்ள இருக்கே…"

"அது அங்கேயே கிடக்கட்டும்."