மேலே ஏறும் ரத்தக்கட்டு

காலையில் தன் காலில் கட்டியைச் சுற்றி அவள் சாக்பீஸால் போட்ட வட்டம் முழங்காலுக்குக் கீழே அப்படியே இருந்தது. கட்டிதான் அதற்குள் இல்லை. இரண்டு விரற்கடை மேலே போய் உட்கார்ந்திருந்தது.

ஐந்து மாத வயிறு இடிக்க, தையல் மிஷினுக்கு அடியில் குனிந்து மறுபடியும் பார்த்தாள். ஆறு வாரத்துக்கு முன்பு இஸ்திரி மேசையைச் சொல்லாமல் கொள்ளாமல் இழுத்து, அதன் இரும்புக் காலை இவள் கால் எலும்பில் மோதவிட்டவள் நாத்தனார். கடை முதலாளியும் அவளே. மன்னிப்பா? "கண்ணை எங்க வச்சிருந்தே?" என்று கேட்டாள், மகராசி.

ரத்தக்கட்டு, தினமும் நீவிவிட்டால் கரைந்துவிடும் என்றார் டாக்டர். எந்தப் பக்கமாக நீவுவது என்று சொல்லவில்லை. தையல்காரி கைக்கு ஒரே வழிதான் தெரியும்: துணி எங்காவது உப்பினால் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி மேலே ஒதுக்கி, தையலுக்குள் அமுக்கிவிட வேண்டும். கட்டியையும் நாள் தவறாமல் அப்படித்தான் மேலே மேலே நீவினாள். பாழாய்ப்போன பழக்கம். இப்போது அது நீவாமலே ஏறுகிறது.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன். கட்டி நகருது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். முதல்ல அந்தச் சட்டைக்குக் கை வச்சு முடி."

மிஷின் மோட்டாரின் முனகலும், இஸ்திரிப் பெட்டி விடும் ஆவியின் சீறலும், சூடேறிய பருத்தித் துணியின் கருகல் நெடியும், கம்பியில் வரிசையாகத் தொங்கிய ஆளில்லாத உடைகள் மின்விசிறிக் காற்றில் ஒன்றையொன்று உரசும் சத்தமுமாக அந்த மதியம் நகர மறுத்தது. கையைக் கீழே விட்டுக் கட்டியை இருமுறை அழுத்தினாள்.

உள்ளேயிருந்து அதுவும் இருமுறை அழுத்தியது.

கை வயிற்றுக்குப் போனது. இரண்டு கலைந்து, தவமாய்த் தவமிருந்து தங்கிய மூன்றாவது இது. போன வாரம்தான் அடிவயிற்றின் இடது ஓரத்தில் முதன்முதலாகத் துடித்தது. இதற்கு ஒன்று ஆனால் உயிரோடு இருக்க மாட்டாள்.

இடுப்புப் பட்டைக்கு வெட்டி வைத்திருந்த எலாஸ்டிக்கை எடுத்துத் தொடையில் இறுக்கிக் கட்டினாள். கால் மரத்துப்போகும் அளவுக்கு. கட்டி முழங்காலைச் சுற்றிக்கொண்டு வந்தது. எலாஸ்டிக்கிடம் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

பிறகு அது தட்டையானது. நுழைந்தது. அந்தப் பக்கம் உருண்டது.

"அக்கா! ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!"

"துணி டெலிவரி கொடுக்கற நேரத்துலதான் உனக்கு நாடகம் வரும்." நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். "எங்கடி அந்தக் கட்டி?"

இவள் தன் தொடையைத் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. இடுப்பைத் தொட்டாள். அங்கேயும் இல்லை.

வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது.

நாத்தனார் கையை வயிற்றில் வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருநாளும் காட்டாத சிரிப்பு அவள் முகத்தில் பரவியது. "அடியே, உதைக்குதுடி!"

இல்லை. குழந்தை இடது ஓரத்தில் இருந்தது. அங்கே மெல்லிய படபடப்பு. நாத்தனாரின் கை வலது பக்கம். அதன் அடியில் உருண்டையாக, கெட்டியாக ஒன்று. அது திரும்பியது. இடது பக்கமாக ஊர்ந்தது; நாத்தனாரின் கையும் அதன் மேலேயே கூட நகர்ந்தது.

குழந்தை ஒருமுறை உதைத்தது. ஒதுங்கி, இன்னும் ஓரமாக ஒருமுறை.

பிறகு உதைக்கவில்லை.

"கையை எடுங்க அக்கா."

"என்னா பலம்டி என் மருமகனுக்கு!" நாத்தனார் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் உள்ளங்கையை அது அடியிலிருந்து மெல்ல மெல்ல மேலே தூக்கிக்கொண்டிருந்தது.