வண்டியில் கை வைத்தது யார்?

"என் கொழுந்தன் மேல போலீஸ்ல புகார் குடுக்கப் போறேன் சார். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ வண்டியப் பாத்துச் சொல்லணும்."

மத்திகிரியில் சென்னகிருஷ்ணனின் சிறிய அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள் ரஞ்சிதா. அவள் கணவன் ராஜேஷ்குமார் கிருஷ்ணகிரிக்குப் போகும்போது, சூளகிரி தாண்டி ஒரு வளைவில் பைக்கோடு விழுந்து கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். பின்னால் வந்த லாரிக்காரர் மட்டும் சமயத்தில் பிரேக் பிடிக்காமல் இருந்திருந்தால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

சென்னகிருஷ்ணன் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விபத்துகளின் காரணத்தைத் துப்பறிந்து சொல்வது இப்போது அவர் வேலை. "கொழுந்தன் மேல ஏம்மா சந்தேகம்?" என்றார்.

"வேப்பனப்பள்ளி மாந்தோப்புத் தகராறுல அண்ணன் தம்பி பேசிக்கிறதே இல்ல. போன ஞாயித்துக்கிழமை அன்புமணி வந்தான். தன் வண்டி ரிப்பேருன்னு எங்கிட்ட சாவி வாங்கிட்டுப் போனான். மறுநாள் விடியறதுக்குள்ள கொண்டாந்து நிறுத்திட்டான். அதுக்கப்புறம் இவரு மொதல் தடவயா ஹைவேல போனது விழுந்த அன்னைக்குத்தான். வளைவுல சாச்சதும் வண்டி மீன் மாதிரி நெளிஞ்சுதாம்."

"ஊருக்குள்ள ஓட்டறப்போ?"

"ஒண்ணும் தெரியலையாம். பின் டயர் வழவழன்னு தேஞ்சு கெடந்துச்சு, மாத்தாம விட்டது என் தப்புதான்னு சொல்றாரு. தம்பிய விட்டுக் குடுக்க மாட்டேங்கறாரு."

வண்டி ரஞ்சிதாவின் வீட்டு வாசலில் நின்றது. சென்னகிருஷ்ணனின் உதவியாளர் தமிழ்செல்வி சட்டென்று மண்டியிட்டாள். "சார், பின் சக்கரத்து நட்டுல புதுசா ஸ்பேனர் தடம். யாரோ கழட்டியிருக்காங்க."

ரஞ்சிதா சென்னகிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்தாள். நினைத்தது சரியாகிவிட்டதே.

சென்னகிருஷ்ணன் நட்டைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். பின் டயரைத் தடவி, இரண்டு டயர்களின் பக்கவாட்டில் இருந்த எழுத்துகளையும் நிதானமாகப் படித்தார். "அன்புமணிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

மாலையில் ராஜேஷ்குமாரின் கட்டிலைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். அன்புமணி மட்டும் கதவோரமாகத் தயங்கி நின்றான்.

"வண்டியில கை வச்சது அன்புமணிதான்" என்று சென்னகிருஷ்ணன் ஆரம்பித்தார். "ஆனா கெடுக்க நெனைக்கறவன் நட்டத் தளர்த்தி விடுவான். இவரு இறுக்கி முடுக்கியிருக்காரு. செயினச் சரிபண்ணி எண்ணெயும் விட்டிருக்காரு. ராஜேஷ், உங்க பின் டயர் தேஞ்சதுன்னு சொன்னீங்க. இப்ப இருக்கற டயர்ல, புதுசுல நீட்டிக்கிட்டிருக்கற ரப்பர் முடி கூட உதிரல."

ராஜேஷ்குமார் தம்பியைப் பார்த்தான். "நீ மாத்துனியா?"

அன்புமணி தலை குனிந்தான். "ரோட்டுல உன் வண்டியப் பாத்தேண்ணா. அந்த டயரோட ஹைவேல போறியேன்னு மனசு கேக்கல. சொன்னா வேணாம்னு கழட்டிப் போட்டுருவ."

"அப்புறம் ஏன் சார் விழுந்தாரு?" என்றாள் தமிழ்செல்வி.

"முன் டயர்ல எழுதியிருக்கற அளவுக்கு நடுவுல 'ஆர்'னு ஒரு எழுத்து இருக்கு. அது ரேடியல், உள்ள இருக்கற நூலெல்லாம் ஒரே திசையில போற டயர். பின்னால அந்த எழுத்து இல்ல. அது பழைய மாதிரி, நூலடுக்கு குறுக்கும் நெடுக்குமாப் போற டயர். ரெண்டும் நல்ல டயர்தான், ஆனா வளையற விதம் வேற. மெதுவாப் போறப்போ தெரியாது. வேகத்துல வளைவுல சாச்சா முன் சக்கரம் ஒரு மாதிரி, பின் சக்கரம் வேற மாதிரி. வண்டி நெளியும்."

"கடையில அளவு சரின்னுதான் சொன்னாங்க" என்ற அன்புமணிக்குக் கண் கலங்கியது. "நானே உன்னத் தள்ளிவிட்டுட்டேன்."

"என் உசுரு மேல உனக்கு அக்கறை இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றான் ராஜேஷ்குமார். "இங்க வந்து உக்காரு."

சென்னகிருஷ்ணனிடம் வராமல் நேராகப் புகார் கொடுத்திருந்தால், புருஷனைக் காப்பாற்ற நினைத்தவனை ரஞ்சிதாவே ஸ்டேஷனில் நிறுத்தியிருப்பாள். அவரைப் பார்த்துக் கை கூப்பினாள். அவர் தலையசைத்துவிட்டுத் தமிழ்செல்வியோடு வெளியேறினார்.

ரஞ்சிதா கணவனுக்காகக் கொண்டுவந்திருந்த தூக்குவாளியைத் திறந்தாள். முதல் தட்டை அன்புமணியிடம் நீட்டினாள்.

"சாப்பிடு தம்பி. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட."