சல்குனாய்க்கு வைத்த இலை

ராகுலனின் இலை அப்படியே இருந்தது. சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆறிப்போய், மேலே மெல்லிய ஆடை படிந்திருந்தது. பக்கத்தில் உள்ளங்கையளவு வெட்டி வைத்த சின்ன இலைதான் வெறுமையாகக் கிடந்தது. கழுவித் துடைத்ததுபோல் பளபளத்தது.

அருள்நாயகம் கதவுப்பிடியை விடாமல் நின்றார். மகன் ராகுலன் நெடுஞ்சாலை விபத்தில் போய் முப்பத்தோராம் நாள். படைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்தி, போனவன் வந்து சாப்பிட அரைமணி நேரம் விட்டுத் திறப்பது வழக்கம். அந்த அரைமணியும் அவரும் மகள் நிலாணியும் வெளியே கூடத்தில்தான் இருந்தார்கள். புலம்பெயர்ந்து வந்த ரெக்ஸ்டேலின் அந்தப் பதினான்காம் மாடி வீட்டில் இனி அவர்கள் இருவர் மட்டும்தான்.

சின்ன இலை சல்குனாய்க்கு. ராகுலன் எழுதத் தொடங்கியிருந்த கதையின் ராணி அவள். புல்வெளிகளில் அலைந்த குதிரைக் குலங்களை வாள்முனையில் ஒன்றாக்கியவள். அவளைக் குதிரையோடு விரலளவு களிமண்ணில் செய்து, நிறம் தீட்டி, மேசையில் வைத்திருந்தான். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைப்பார்கள். அருள்நாயகம் அவளையும் வைத்தார்.

"அவளுக்கும் சோறோ அப்பா?" காலையில் நிலாணி சிரித்தாள். ஒரு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. "வடை சாப்பிடுவாளோ தெரியாது. குதிரைப்பால் குடிக்கிறவள்."

"கொண்ணன் தனியச் சாப்பிடமாட்டான் பிள்ளை. ஆரும் பக்கத்தில இருக்கவேணும்."

இப்போது நிலாணி அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"நீ எடுத்தனியோ?"

"எனக்கென்ன விசரே?" வெறும் இலையைப் பார்த்து, "அப்ப நாங்களும் அவளின்ர ஆக்கள்" என்றாள். அண்ணனின் கொப்பியை எடுத்துப் புரட்டினாள். எட்டுக் குலங்களுக்கு எட்டுப் பக்கங்கள். ஒன்பதாம் பக்கத்தில் இலக்கம் மட்டும். எட்டாம் பக்கத்தின் அடியில் இருந்ததை வாசித்தாள். "கேக்காமலே அவளுக்குச் சோறு வைச்சால் அந்த வீடு அவளின்ர குலம். வீட்டுக்கு ஒரு ஆள் அவளோட போகவேணும்."

"நான் போறன், விடு."

"சோறு வைச்சவரைக் கேக்கமாட்டாள் அப்பா. அவர் விட ஏலாத ஆளைத்தான் கேப்பாள்." சொல்லிவிட்டு அவள் சிரிப்பை நிறுத்தினாள். "கதைதானே."

அதன் பிறகு வந்த நாட்களில், வெப்பக்காற்றுத் துவாரத்தின் வழியாக, நனைந்த மயிரும் புளித்த பாலும் சாணி எரியும் புகையும் கலந்த ஒரு மணம், முதலில் அந்த அறைக்குள் மட்டும், பிறகு கூடத்தில், பிறகு நிலாணி கழற்றிப் போட்ட குளிர்ச்சட்டையின் மடிப்புகளிலும் வந்து தங்கியது. மேல்மாடியில் யாரோ தளபாடம் நகர்த்துகிறார்கள் என்று அவர் நம்ப முயன்ற சத்தம், நாலுகால் நடையாக, சுவரோரமாய்ச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறம்ரன் நகரில் பார்த்த வேலைக்கு லீவு சொன்னார். பொம்மையைக் குப்பையில் போட இரண்டு தரம் தூக்கினார். குதிரையின் வயிற்றில் மகனின் பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. போட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரைக்கே இருட்டியது. பனி கொட்டியது. நிலாணி தன் ஊதாப் பையோடு கொலிஜிலிருந்து வரும் நேரம். அறைக்குள் ஏதோ செருமியது.

போய்ப் பார்த்தார். கொப்பி விரிந்து கிடந்தது. ஒன்பதாம் பக்கத்தில் ராகுலனின் கையெழுத்து. 'அருள்நாயகம் வீடு.' மை காயவில்லை.

மேசையில் சல்குனாயின் பின்னால் இன்னொரு களிமண் குதிரை. அதன்மேல் நீலச் சட்டையோடு ஒருவன். ராகுலன் கடைசியாகப் போட்டிருந்த சட்டை.

அதற்குப் பின்னால் மூன்றாவது குதிரை. சேணம் காலி.

கைத்தொலைபேசியை எடுத்தார். நிலாணியை அழைத்தார்.

"எங்க நிக்கிறாய்?"

"கீழ வந்திட்டன் அப்பா. லிஃப்ட்டுக்க ஏறிட்டன்."

"இறங்கு! உடன இறங்கு பிள்ளை!"

"கதவு மூடிட்டுது. ஏனப்பா?" அவளுடைய மூச்சுக்குப் பின்னால் இன்னொரு மூச்சு. பெரியது. ஈரமானது. "இதுக்க ஏன் இப்பிடிக் காத்து அடிக்குது? புல்லு மணக்குது."

"நிலாணி!"

"அண்ணா நிக்கிறான் அப்பா."

அவள் குரலில் பயமே இல்லை.

வெறுங்காலோடு லிஃப்ட் வாசலுக்கு ஓடினார். கதவின் மேல் மாடி இலக்கங்கள் ஏறின. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. கதவு திறந்தது.

யாரும் இல்லை. மிதிபட்ட பனி. அதில் பிறைபிறையாய்க் குளம்படிகள். நடுவில் அவளுடைய தொலைபேசி, இன்னும் எரிந்தபடி. அவர் காதோடு வைத்திருந்ததில் குளம்போசை தூரப் போய்க்கொண்டிருந்தது.

திரும்பி ஓடிவந்தார். இலை விரித்தார். பானையில் இருந்த சோற்றையெல்லாம் கொட்டினார்.

"என்னைக் கொண்டுபோ தாயே. அவளை விடு. நான்தான் வைச்சனான். நான்தான்."

கதவைச் சாத்தினார். வெளியே தரையில் இருந்தார். அரைமணி நேரம். முழு அரைமணி நேரம்.

திறந்தார்.

சோறு அப்படியே இருந்தது. ஆறிப்போய்.

மூன்று குதிரைகளும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. மூன்றாவதில் ஊதாப் பையோடு ஒருத்தி. களிமண் ஈரம். அவள் தலை மட்டும் பின்னால் திரும்பி அவரைப் பார்த்தது.

வாய் பெரிதாகத் திறந்திருந்தது.