பீடத்தில் வைத்த துளசி

"மாமி, ஆச்சாரியன் பாதுகையைக் காணோம்!"

ஐயப்பன்தாங்கலில், மைதிலியின் வீட்டு வாசலில் நின்ற ராஜசேகரனுக்கு மூச்சு வாங்கியது. பூந்தமல்லியில் உள்ள சிறிய வைணவ மடத்தை இரண்டு வருடமாக நிர்வகிப்பவர் அவர். சட்டைப்பையில் போலீஸ் புகார் எழுதித் தயாராக இருந்தது.

மைதிலி, காவல்துறைக் கைரேகைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டு பாபுவின் ஆட்டோவில் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

வெள்ளித் தட்டும் விளக்கும் அசையாமல் இருந்தன. முந்நூறு வருடத்து மரப்பாதுகை மட்டும் இல்லை. பீடத்தின் மேல், வாழைநாரில் கட்டிய ஒரு கொத்துத் துளசி.

"வெள்ளிய உட்டுட்டு கட்டைய தூக்கினு போய்க்கிறான். இன்னா திருடம்மா இவன்?" என்றான் பாபு.

"துளசி மடத்துதா?"

"இல்லை மாமி. நாங்க உதிரியாத்தான் சாத்துவோம். நாரில கட்டறது வாசல் பூக்காரி தாயம்மா. ஆனா அவகிட்ட ஊரே வாங்கறது."

மைதிலி அலமாரியிலிருந்த மடத்து வரலாற்றைப் புரட்டினார்.

"இதைப் படிச்சிருக்கேளா?"

"பாதி..."

"வர முடியாத சீடர்களைத் தேடி ஆச்சாரியனே ஏரிக்கரை ஊர்களுக்கு நடந்திருக்கார். அவருக்கப்புறம் பாதுகை போயிருக்கு. கடைசிப் படுக்கையில் இருக்கறவா தலையில் வைப்பா. அது திரும்பற வரைக்கும் பீடத்துல துளசி. திருடன் எதுக்குத் துளசி வைக்கறான்? திருப்பிக் கொண்டுவரவாதான் வைப்பா. இந்த வழக்கம் இப்போ யாருக்குத் தெரியும்?"

"மடத்துப் புறப்பாட்டுக்கு நாப்பது வருஷம் குடை பிடிச்ச துலுக்கானத்துக்குத்தான். சேக்காட்டுல படுத்த படுக்கையா இருக்கார்."

"பார்த்துக்கறது யார்?"

"சம்சாரம். தாயம்மா..."

சொல்லும்போதே ராஜசேகரனுக்கு நினைவு வந்தது. போன மாதம் தாயம்மா, பாதுகையை ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி அவர் முன்னால் கைகூப்பி நின்றாள். 'எழுதிக் குடு, பார்க்கலாம்' என்று சொன்னவர் அதோடு மறந்துவிட்டார். அவளுக்கு எழுதத் தெரியாது.

மைதிலி கேட்காமலே, சட்டைப்பையிலிருந்த புகாரை ராஜசேகரன் எடுத்து அவரிடம் கொடுத்தார்.

சேக்காட்டு வீட்டில், கழுவிய மணையில் புதுத் துண்டு விரித்துப் பாதுகை இருந்தது. கட்டிலிலிருந்து துலுக்கானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புதான் சாமி," தாயம்மா அழுதாள். "காலைலேர்ந்து கெஞ்சுறேன். தலையில வெக்க உடமாட்டேங்குது இந்தாளு."

"நாமளா எடுத்து வெச்சிக்கிறதா அது?" துலுக்கானத்தின் குரல் மெலிந்திருந்தது. "குடுத்தாத்தான்."

ராஜசேகரன் கை கால் கழுவி வந்தார். பாதுகையை எடுத்து, அந்த நரைத்த தலையில் வைத்தார்.

"குடுத்துட்ட நைனா." துலுக்கானம் கண்ணை மூடிக்கொண்டார். "எடுத்துறாத. கொஞ்ச நேரம் இர்க்கட்டும்."