தாலாவின் முகத்தில் கறுப்புச் சதுரம்

அழைப்பு மணியை அழுத்தப் போன அர்வாவின் விரல் பாதியிலேயே பின்வாங்கியது. படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். யாரும் பின்தொடரவில்லை. மறுபடி விரலை நீட்டுவதற்குள் பக்கத்தில் நின்ற மகள் தாலா எம்பி மணியை அழுத்திவிட்டாள்.

கதவைத் திறந்தவர் சமையல் ஏப்ரன் கட்டிய பருத்த மனிதர்.

"ஒண்ணும் சொல்லாதீங்க! கம்ப்யூட்டர் ஆபீஸ்ல வேலை. வீட்டுக்காரர் குவைத்ல. யாரோ மிரட்டுறாங்க. சரியா?"

"போன்ல அவங்களே சொன்னதைத்தானே ஒப்பிக்கிறீங்க, அபூ ஃபவாஸ்?" என்றது உள்ளேயிருந்து ஒரு நிதானமான குரல். "குழந்தைக்குப் பால் காய்ச்சுங்க. எங்களுக்கு மரமிய்யா இலை போட்டுத் தேநீர்."

குரலுக்குச் சொந்தக்காரர் இன்ஸாஃப். அக்கம்பக்கத்தாருக்கு உம்மு ஃபவாஸ், அதாவது ஃபவாஸின் அம்மா. ஓய்வு பெறும்வரை அம்மான் நகரப் போலீஸ் ஆய்வகத்தில் புகைப்படங்களின் பொய்யையும் மெய்யையும் பிரித்துக்கொண்டிருந்தவர். ஓய்வுக்குப் பிறகும் லுவெய்ப்தே மேட்டில் இருக்கும் இந்த வீட்டுக்கு ஆள் வருவது நிற்கவில்லை. கணவர் அபூ ஃபவாஸ்தான் உதவியாளர். துப்பு கிடைப்பதற்கு முன்பே குற்றவாளியைப் பிடித்துவிடும் வேகம் அவருக்கு.

தாலா சமையலறைக்குள் போனதும் அர்வா கைப்பேசியை நீட்டினாள். 

"மூணு படம் வந்திருக்கு. பெயரில்லாத முகவரியிலேருந்து. ஒரு வார்த்தை கூட எழுதலை."

முதல் படத்தில் காட்டு மரம் ஒன்று. அதன் கீழே சிவப்புக் கவுன் போட்ட சிறுமி. கழுத்துக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் கன்னங்கரிய சதுரம். இரண்டாவதில் அதே சிறுமி பள்ளிப் பையுடன், பள்ளி வாசலில். மறுபடியும் சதுரம். மூன்றாவது, அர்வாவின் வீட்டு பால்கனி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தை. முகத்தில் சதுரம்.

"ராத்திரி அவ தூங்கும்போது விளக்கைப் போட்டுப் போட்டு முகத்தைப் பார்க்கிறேன். இருக்கான்னு..." என்றாள் அர்வா.

இன்ஸாஃப் இரண்டாவது படத்தை விரல்களால் விரித்துப் பெரிதாக்கினார். "குழந்தைக்குப் பின்னால தெரியறது ரோடா?"

"ஆமா. எதிர்ல இருக்கிற மருந்துக்கடை."

"ம். எதுக்காக மிரட்டுறாங்கன்னு நினைக்கிறே?"

அதைச் சொல்ல அர்வாவுக்கு யோசிக்கவே தேவையில்லை. போன மழையில் மேட்டுத் தெரு ஒன்றில் தடுப்புச் சுவர் சரிந்து, கீழே இருந்த வீட்டில் தகப்பனும் மகனும் செத்துப்போனார்கள். சரிவதற்கு முன்பு அந்தச் சுவரைச் சோதித்தபோது எடுத்த படங்களைத் துலக்கிக் கொடுத்தது அவளுடைய அலுவலகம். ஜாவாவில் நிரல் எழுதிப் படங்களின் இருட்டை நீக்குவது, கோணலை நிமிர்த்துவது, விரிசலை அளப்பது, இவைதான் அவர்கள் தொழில். அந்தப் படங்களில் ஒன்றில், சுவரின் ஒரே கல், ஒரே கீறலோடு, அருகருகே இரண்டு இடத்தில் இருந்தது. நல்ல கல்லின் பிக்சல்களை நகல் எடுத்து விரிசலின் மேல் ஒட்டி மறைத்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை விசாரணைக் குழு முன்னாடி இதைச் சொல்லப் போறேன்னு ஆபீஸ்ல சொன்னேன். மூணு பேருக்குத்தான் தெரியும். மறுநாளே முதல் படம் வந்துச்சு. அது அஜ்லூன் காட்டுக்கு நாங்க பிக்னிக் போனப்போ எடுத்தது. ஆபீஸ் கணினியைத் தவிர வேற எங்கேயும் கிடையாது. மூணுல ஒருத்தர்தான் அக்கா. போலீசுக்குப் போனா அடுத்த நிமிஷம் அவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"முதலாளிதான்!" பால் கிண்ணத்தோடு வந்த அபூ ஃபவாஸ் தீர்ப்பு வழங்கினார்.

"முதல்ல ஆளுங்களைப் பார்ப்போம்," என்றார் இன்ஸாஃப்.

வியாழக்கிழமை மதியம். வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால் வாரத்தின் கடைசி வேலை நாள். தாலாவைத் தனியே விட மனமில்லாமல் அர்வா அவளையும் அலுவலகத்துக்குக் கூட்டி வந்திருந்தாள். வரவேற்பறைச் சோபாவில் வண்ணப் பென்சில்களோடு உட்கார வைத்தாள். எதிர்ச் சுவரில் ஆளுயரச் சுவரொட்டி ஒன்று. நிறுவனத்தின் ஆண்டுவிழாவுக்காகத் தயாரித்தது. நூற்றுக்கணக்கான குட்டிப் படங்களை அடுக்கி, தூரத்திலிருந்து பார்த்தால் நிறுவனச் சின்னம் தெரியும்படி செய்திருந்தார்கள்.

அபூ ஃபவாஸ் அதை உன்னிப்பாகப் பார்த்து ஒரு மூலையில் நகத்தால் சுரண்டினார். "ஈ எச்சம்."

"நானும் துடைச்சுப் பார்த்தேன், போகலை," என்றாள் அர்வா.

இன்ஸாஃப் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அந்த இடத்தில் சற்று நேரம் நின்றார். பிறகு, "இது யார் கைவேலை?" என்றார்.

"மூணு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் செஞ்சாங்க. ஒண்ணா சேர்த்து அச்சுக்கு அனுப்பினதும் துண்டுகளை அழிச்சாச்சு. யாரு எதைச் செஞ்சாங்கன்னு இப்போ தெரியாது. அச்சுக்குப் போன அன்னிக்குத்தான் எனக்கு முதல் படம் வந்துச்சு."

உள்ளே மூவரும் இருந்தார்கள். முதலாளி ஹைஸம், தலைக்கு மேலே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைத் தேடுகிறவர். ஷிஹாப், படங்களைத் துலக்கும் நிரல்களின் கணக்கெல்லாம் அவன் தலையில், நாக்கில் நஞ்சு. மைசூன், திரையின் பொத்தான்களையும் பட்டியல்களையும் அழகாக அமைப்பவள். அர்வாவுக்குப் பக்கத்து நாற்காலி, உயிர்த்தோழி. அர்வா உள்ளே நுழைந்ததுமே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியாடி? முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு. பேசாம ஞாயித்துக்கிழமை போகாதே. குழந்தையை விடவா சுவர் பெரிசு?"

"என்ஜினீயரம்மாவுக்கு, அதாவது நம்ம முஹந்திஸா அர்வாவுக்கு, ஒரு கல் ரெண்டா தெரியுதாம்," என்றான் ஷிஹாப், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "விசாரணைக் குழு எதுக்கு? கண் டாக்டர் போதும்."

அபூ ஃபவாஸ் மனைவியின் காதருகே குனிந்தார். "இவன்தான். முதலாளியை விட்டுட்டேன்."

ஹைஸம் கைகளைப் பிசைந்தார். "உம்மு ஃபவாஸ், எங்களைச் சந்தேகப்படறீங்களா? எங்க கணினியில பாருங்க. பிக்னிக் படம் பொது ஃபோல்டர்ல அப்படியே இருக்கு. குழந்தை முகம் பளிச்சுன்னு. யாரும் தொடலை."

"பார்த்தேன், உஸ்தாத். எனக்கு ஒரு சின்ன உதவி போதும். மிரட்டல் படத்தை எப்படிச் செஞ்சிருப்பாங்கன்னு தெரிஞ்சுக்கணும். இதோ, எங்க வீட்டுப் பூனை." எல்லாருக்கும் ஒரே படத்தை அனுப்பினார். "ஜாவாவில நிரல் எழுதி பூனையோட தலையை மட்டும் தனித் துண்டா வெட்டுங்க. துண்டுல மூஞ்சி மேல மஞ்சள் சதுரம் போடுங்க. துண்டையும் முழுப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல திரையில காட்டுங்க. அவங்கவங்க மேசையில, பேசிக்காம."

"தேர்வு எழுதி வருஷக்கணக்காச்சு," என்று முனகினாள் மைசூன், சிரித்தபடியே. விரல்கள் சரசரவென்று ஓடின.

அர்வா சுவரோடு சாய்ந்து நின்றாள்.  இந்த மூன்று முதுகுகளில் ஒன்று தன் மகளின் பின்னால் நடந்திருக்கிறது. எது? அறைக்கு வெளியே தாலா தனக்குள் பாடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் ஒரு கணம் நின்றபோது அர்வாவின் மூச்சும் நின்றது. பென்சில் கீழே உருண்டது; பாட்டு தொடர்ந்தது.

இன்ஸாஃப் முதலில் ஹைஸத்திடம் போனார். திரை முழுவதும் சிவப்புப் பிழைகள்.

"விலைப்பட்டியல் எழுதி எழுதி எல்லாம் மறந்துபோச்சு," என்று அசடு வழிந்தார் முதலாளி. "ஷிஹாபைக் கூப்பிடட்டுமா?"

ஷிஹாபின் திரையில் இரண்டு பூனைகள். துண்டில் மஞ்சள் மூஞ்சி. முழுப் படத்தில் பூனை பூனையாகவே இருந்தது. நிரலில் ஒரு வரியை இன்ஸாஃப் சுட்டிக்காட்டினார். "இது எதுக்கு, தம்பி?"

"வெட்டின உடனே பிரதி எடுத்துடணும். எடுக்காம கை வெச்சா என்ன ஆகும்னு தெரியாதவன் எல்லாம் இந்தத் தொழிலுக்கு ஏன் வரணும்?"

அடுத்து மைசூனின் மேசை. அங்கே மைசூன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டில் மஞ்சள் சதுரம். அவள் தொடவே தொடாத முழுப் படத்திலும், பூனையின் மூஞ்சியில், அதே மஞ்சள் சதுரம்.

"இது... ஏன் இதுலயும் வந்திருக்கு?"

"எல்லாரும் கொஞ்சம் வெளியே வாங்க," என்றார் இன்ஸாஃப். அபூ ஃபவாஸ் ஷிஹாபின் சட்டைக் காலரை ஏற்கெனவே பிடித்திருந்தார். "அவரை விடுங்க."

சுவரொட்டியின் முன்னால் நால்வரும் நின்றார்கள். இன்ஸாஃப் தாலாவைத் தட்டிக்கொடுத்து, "உள்ளே போய் மாமாகிட்ட பூனைப் படம் பாரும்மா," என்று அபூ ஃபவாஸோடு அனுப்பினார். பூதக்கண்ணாடியை அர்வாவிடம் நீட்டினார்.

அர்வா குனிந்தாள். ஈ எச்சம் என்று அவள் துடைத்த புள்ளி கண்ணாடியின் கீழே பெரிதானது. அது எச்சமல்ல. நான்கு மூலையும் கூர்மையான சதுரம். அதைச் சுற்றி நகக்கண் அளவில் அஜ்லூன் காடு. மரம். சிவப்புக் கவுன்.

அவள் தடுமாறிப் பின்னால் ஓரடி வைத்தாள். ஷிஹாப்தான் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"ஜாவாகிட்ட ஒரு படத்தோட துண்டைக் கேட்டா, அது தனிப் பிரதியைத் தராது," என்றார் இன்ஸாஃப், அவசரமில்லாமல். "ஒரு ஜன்னலைத் தரும். ஜன்னல் வழியா கையை விட்டு மை பூசினா, வீட்டுச் சுவர்தான் கறுப்பாகும். நம்ம ஆள் சுவரொட்டிக்காகப் படங்களை நினைவகத்துல ஏத்தி வெச்சிருக்காங்க. அதே நிரல்ல, அதே நேரத்துல, குழந்தையோட பக்கத்தை வெட்டி, முகத்தை அழிச்சு, மிரட்டல் படமா சேமிச்சாச்சு. ஃபோல்டர்ல இருக்கிற கோப்பை யாரும் தொடலை, அது சுத்தமா இருக்கு. ஆனா நினைவகத்துல இருந்த முழுப் படம் கறைபட்டுப் போச்சு. அது அப்படியே சுருங்கி, சுவரொட்டியில போய் உட்கார்ந்துடுச்சு. குட்டிப் படம், அதனால யாரு கண்ணுக்கும் படலை."

"வேற யாராவது வேணும்னே வெச்சிருக்கலாமே?" என்றார் ஹைஸம்.

"மாட்டிவிட நினைக்கிறவன் கண்ணுல படற மாதிரி வெப்பான், உஸ்தாத். இது தவறிப்போய் விழுந்தது. உங்களுக்கு நிரலே மறந்துபோச்சு. ஷிஹாப் பிரதி எடுக்காம துண்டைத் தொடமாட்டார். இந்தத் தப்பு மூணு பேர்ல ஒருத்தர் கைக்குத்தான் வரும். இப்போதான் நம்ம கண் முன்னாடி வந்துச்சு."

யாரும் மைசூனைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"ஒரு பூனையை வெச்சு என்னைக் குற்றவாளி ஆக்குறீங்களா?" மைசூன் சிரிக்க முயன்றாள். "அர்வா, நீயாவது சொல்லேன்!"

அர்வா சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் இன்ஸாஃப் அன்று கேட்ட கேள்வி அவளுக்கு உறைத்தது. குழந்தைக்குப் பின்னால் தெரிவது ரோடா? ரோடு பின்னால் தெரிகிறதென்றால் படம் எடுத்தவர் நின்றது ரோட்டில் அல்ல. பள்ளியின் கேட்டுக்கு உள்ளே. அழைத்துப் போக வருகிற, வாயிற்காவலருக்குத் தெரிந்த முகங்களைத் தவிர யாரையும் உள்ளே விடமாட்டார்கள். தாலாவுக்கு அப்படி இரண்டே முகங்கள்தான்.

"எனக்கு மீட்டிங் இருந்த அன்னிக்கு நீதானே அவளைக் கூப்பிடப் போனே?" அர்வா மைசூனிடம் திரும்பினாள். "நீ கொண்டுவந்து விட்டுட்டு, கீழே நின்னு டாட்டா காட்டினே. அவ பால்கனியிலேருந்து உனக்குத்தானே டாட்டா காட்டினா?"

உள்ளறைக் கதவு திறந்தது. அபூ ஃபவாஸின் பிடியிலிருந்து நழுவிய தாலா ஓடி வந்து மைசூனின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "காலா மைசூன்! பூனைக்கு நீங்கதான் மஞ்சள் பூசினீங்களா, சித்தி?"

 மகளுக்கும் அர்வாவுக்கும் நடுவே இருந்தது நாலே எட்டு. அதைக் கடக்கக் கால் எழவில்லை. மைசூனின் கை குழந்தையின் தலையை நோக்கி மெல்ல இறங்கியது. இன்ஸாஃப் நின்ற இடத்திலேயே, "கையை எடும்மா," என்றார்.

கை எடுத்துக்கொள்ளப்பட்டது. அர்வா பாய்ந்து மகளை வாரித் தூக்கிக்கொண்டாள்.

"நான் அவளை என்னடி பண்ணிடுவேன்?" மைசூன் சுவரொட்டியின் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீ பேசாம இருந்தா போதும்னு நினைச்சேன். அந்தச் சுவரைக் கட்டின கான்ட்ராக்டர்கிட்ட உபைதாதான் சைட் என்ஜினீயர். என் தம்பி. விரிசலை மறைச்சுக் கொடு, மழைக்கு முன்னாடி சரி பண்ணிடறோம்னு கெஞ்சினான். நம்பினேன். அவன் ஜெயிலுக்குப் போனா எங்க அம்மா செத்துடுவா, அர்வா."

"செத்துப்போனவங்க ரெண்டு பேர்," என்றான் ஷிஹாப். முதன்முறையாக அவன் குரலில் ஏளனம் இல்லை. கொஞ்சம் பொறுத்து அர்வாவைப் பார்க்காமலே சொன்னான்: "ஒரு கல் ரெண்டாத்தான் இருக்கு. நேத்தே பார்த்தேன். சொல்ல எனக்குத்தான் தைரியம் வரலை."

இன்ஸாஃப் ஆய்வகத்தின் பழைய சக ஊழியரை அழைத்துப் பேசி முடித்தார். மைசூனைக் கூட்டிப் போக வந்த போலீஸ்காரர்கள் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போனார்கள்.

ஆனால் அன்றிரவும் அர்வா விளக்கைப் போட்டாள். அனுப்பியவள் பிடிபட்டுவிட்டாள், பிடிபடாதவர்கள் இருந்தார்கள். கான்ட்ராக்டருக்கு ஆட்கள் உண்டு. வெள்ளி மாலை பெயர் சொல்லாத யாரோ அழைத்து, அவள் 'யாரு?' என்றதும் வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை தாலாவையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு இன்ஸாஃபின் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"நான் போகலைன்னா தப்பா அக்கா?"

"அதை நான் சொல்ல முடியாது. போனா, குழந்தை என் கண்ணுக்கு முன்னாடி இருப்பா. அதை மட்டும் சொல்ல முடியும்."

ஞாயிற்றுக்கிழமை. நீண்ட மேசைக்குப் பின்னால் விசாரணைக் குழு. முன்வரிசையில் கறுப்பு உடையில் ஒரு பெண், கணவனையும் மகனையும் ஒரே நாளில் புதைத்தவள்.  யாரோ நீட்டிய தண்ணீர் டம்ளரை அர்வா இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படியும் மேசையில் சிந்தியது.

கான்ட்ராக்டரின் வழக்கறிஞர் அதைக் கவனித்துவிட்டார். எழுந்து, மிக மென்மையாகக் கேட்டார்:

"முஹந்திஸா, உங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கு இல்லையா? ரொம்பப் பயந்துபோயிருக்கீங்க. வேணும்னா இன்னொரு நாள் பேசலாமே?"

அர்வா டம்ளரைக் கீழே வைத்தாள். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை மறைக்கவில்லை.

"ஆமா, பயமாத்தான் இருக்கு," என்றாள். "அந்தச் சுவர்ப் படத்தைத் திரையில போடுங்க. இடது பக்கக் கல்லைப் பெரிசாக்குங்க. இன்னும் பெரிசா."