சிங்கிரிப்பாளையம் ஏரிப் பாதையில் பதினோரு லட்சம் பேர்

நான்கடி அகலமும் இரண்டு கிலோமீட்டர் நீளமும் கொண்ட ஓர் ஏரிக்கரைப் பாதைக்கு, ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு லட்சம் பேர் நடக்க வந்தார்கள். ஒருவர்கூடத் தண்ணீரில் விழவில்லை. விழுவதற்கு இடம் இருந்தால்தானே! கோவைக்குக் கிழக்கே சிங்கிரிப்பாளையத்தில், இரண்டாயிரத்து எழுபத்தோராம் ஆண்டு தை மாதம் நடந்தது இது. நம்ப முடியாதவர்கள் எழுந்து போகலாம். நம்பாத ஒருத்தி அந்த ஊரிலேயே இருந்தாள். அவள் சொல்வதையும் கேட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

அந்த நாளில் எண்ணாமல் விட்ட பொருள் எதுவும் இல்லை. பொழுதுபோக்குத் தடங்கள் அளவைத் துறை என்று ஒன்று இருந்தது. ஏரியில் கொக்கு நிற்கிறதா, கரையில் வேம்பு நிழல் தருகிறதா என்பதெல்லாம் அதற்கு வேண்டாத சங்கதி. எத்தனை பேர் நடந்தார்கள்? அது மட்டும் தெரிந்தால் போதும். முகத்தைப் படம் பிடிக்கச் சட்டம் இடம் தராததால், மேதைகள் கூடி நடைமானி என்ற கருவியைச் செய்தார்கள். பாதைக்கு அடியில் அழுத்தத்தை உணரும் நார்களைப் புதைத்துவிடுவார்கள். காலடியின் கனம், எட்டின் நீளம், குதிகால் முந்துகிறதா, பெருவிரல் பிந்துகிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒருவருடைய நடைச்சாயலை அது வரைந்துகொள்ளும். கைரேகை மாதிரி, ஆளுக்கு ஒரு சாயல். அதே சாயல் நூறு சுற்று வந்தாலும் ஓர் ஆள்தான். புதுச் சாயல் வந்தால் புது ஆள். பாதையின் வாசலில் நிற்கும் எண்பலகை உடனே ஒன்று கூட்டிக் காட்டும்.

தை மாதக் கடைசி ஞாயிறு அளவை நாள். அன்று பலகையில் ஆயிரம் தெரியாவிட்டால் பாதையை மூடிவிட்டுப் பறவி நிலையம் கட்டுவார்கள். பறவி என்றால் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்ப் போடும் பறக்கும் பெட்டி. வீட்டை விட்டு வெளியே வராதவர்களின் வசதிக்காக, வெளியே வருகிறவர்களின் பாதையை எடுத்துக்கொள்வது. இதற்குப் பெயர் திட்டமிடல்.

சிங்கிரிப்பாளையம் பலகை தினமும் அறுபத்து மூன்று காட்டியது. வாசலில் முருங்கைக்கீரை சூப் விற்ற துளசிமணிக்கு அதைப் பார்க்கத் தேவையே இல்லை. அவளும் அறுபத்து மூன்று கப்தான் விற்றாள். நடந்து முடித்தவர் ஒரு கப் குடிக்காமல் வீட்டுக்குப் போனதாகச் சரித்திரமே கிடையாது. பாதை மூடினால் கடையும் மூட வேண்டியதுதான்.

அந்த அறுபத்து மூன்று பேருக்குத் தலைவர் சென்னியப்பன், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நடக்கும்போதும் யாரோ பின்னால் கோப்பு தூக்கி வருவதுபோலவே நடப்பார். பாதையைக் காப்பாற்ற அவர் ஏழு கூட்டம் போட்டார். ஏழிலும் வடை நன்றாக இருந்தது.

வழி காட்டியது அவர்களில் ஒருவரான ஆறுக்குட்டியின் செருப்பு. ஒரு நாள் பாதி வழியில் வார் அறுந்து, இழுத்து இழுத்து நடந்து வந்தார் ஆறுக்குட்டி. அன்று பலகை அறுபத்து நான்கு காட்டியது.

சென்னியப்பனுக்கு ஞானம் பிறந்தது. மறுநாளிலிருந்து அந்தப் பாதையில் நடந்த கூத்தைப் பார்த்த கொக்குகள் வேறு ஏரிக்குக் குடிபோய்விட்டன. ஒருவர் நண்டு மாதிரி பக்கவாட்டில் போனார். ஒருவர் கல்யாண மேடைக்குப் போகும் மணப்பெண் நடை. அவசரமாக ஒதுங்க இடம் தேடுகிறவன் நடையை மூன்று பேர் தேர்ந்தெடுத்தார்கள்; அது அவர்களுக்கு இயல்பாகவே வந்தது. எல்லாரும் படித்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். இத்தனை கூத்துக்கும் எண்ணிக்கை இருநூற்றைத் தாண்டவில்லை. அப்போதுதான் சென்னியப்பன் தன் பொறியியலை வெளியே எடுத்தார். அதற்குப் பெயர் பல்நடைச் செருப்பு. அடிப்பாகத்தில் நடுக்கும் இயந்திரம். ஒவ்வோர் எட்டுக்கும் கனத்தையும் சாய்வையும் மாற்றிவிடும். ஓர் எட்டு வைத்தால் ஓர் ஆள். அடுத்த எட்டு அடுத்த ஆள்.

ஆயிரம் பேரைக் காட்ட ஆளுக்குப் பதினாறு எட்டு போதும். ஆனால் வெள்ளிக்கிழமை ஒத்திகையில் யாரும் பதினாறோடு நிறுத்தவில்லை. காலையில் மூன்று, மாலையில் மூன்று என்று வழக்கமான ஆறு சுற்றும் போனார்கள். ஆளுக்குப் பதினேழாயிரத்து ஐந்நூறு எட்டு. பலகை திக்கித் திணறி 11,02,500 என்று காட்டியது. நாற்பதாயிரம் பேர் வாழும் ஊரில்!

துளசிமணி கப்புகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்ண்ணா, பதினோரு லட்சம் பேருமுங்களா?"

"பலகை சொல்லுதில்ல?" என்றார் சென்னியப்பன்.

"என்ற கப்பு அறுவத்து மூணுன்னு சொல்லுதுங்களே."

"கப்பு விஞ்ஞானமா அம்மிணி? இது கருவி. உன்ற வயித்துப் பொழப்புக்கும் சேர்த்துத்தான் இந்தப் பாடு."

"பொழப்பு போனாலுஞ் செரிங்க, பொய்க்கு ஒத்து ஊத மாட்டனுங்க. என்னை எந்தச் சாமி முன்னால கொண்டுபோயி நிறுத்தினாலும் அறுவத்து மூணுன்னுதான் சொல்லுவேன்."

சொன்னதோடு விடவில்லை. அன்றே துறைக்குக் கடிதமும் போட்டாள். அறுபத்து மூன்று என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதி, சூப்புக் கறை படிந்த கையொப்பத்தோடு.

துறை அந்தக் கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டு, எண்ணிக்கையைச் செய்தியாக வெளியிட்டது. சனிக்கிழமை மாநிலத்தின் திரைகள் எல்லாவற்றிலும் சிங்கிரிப்பாளையம். பதினோரு லட்சம் பேர்! அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. நம் ஜனங்களுக்கு வரிசை ஒன்று கண்ணில் பட்டால் போதும், முதலில் போய் நின்றுகொள்வார்கள். எதற்கென்று விசாரிப்பதெல்லாம் அப்புறம். பேருந்து, ரயில், மிதவண்டி, கால்நடை என்று கிளம்பிவிட்டார்கள்.

ஞாயிறு விடிந்தபோது வரிசையின் வால் அவிநாசியில் இருந்தது.

"முன்னாடி என்னங்க குடுக்கறாங்க?"

"தெரியலீங்க. ஏதோ குடுக்கறாங்களாமா."

"ஆதார் காட்டோணுமா?"

"எதுக்கும் கையில வெச்சுக்கங்க."

பாதைக்குள் நுழைந்தவர்கள் நடக்கவில்லை, நடக்க முடியவில்லை. முன்னால் இருப்பவர் தோளில் இரண்டு கைகளையும் வைத்து, அவர் அரையடி நகர்ந்தால் இவரும் அரையடி. வலது, இடது, வலது, இடது. அத்தனை பேருக்கும் ஒரே எட்டு, ஒரே கனம், ஒரே சாய்வு. வேம்புகளின் பட்டை உரிந்தது. துளசிமணியின் பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்படியே கூட்டத்தோடு சேர்ந்து ஏரியைச் சுற்றப் போய்விட்டது. அறுபத்து மூன்று பேரும் பல்நடைச் செருப்போடு வந்தார்கள். அறுபத்து இரண்டு பேரால் வாசலையே நெருங்க முடியவில்லை. சென்னியப்பன் மட்டும் உள்ளே போனார். இரண்டு பக்கமும் நெருக்கியதில் அவர் அந்தரத்திலேயே முழுச் சுற்றும் வந்து சேர்ந்தார். அவருடைய அதிசயச் செருப்பு தரையைத் தொடவே இல்லை.

மாலையில் அளவை அதிகாரி எழில்வேந்தன் வந்தார். கூட்டம் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தது. 'நாளைக்குத்தான் குடுப்பாங்களாம்' என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டது. அதிகாரி பலகையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

இன்று நடந்தவர்: 1.

"ஒரே நடைச்சாயல்தான் பதிவாகியிருக்கிறது. யாரோ ஒருவர் காலையிலிருந்து மாலை வரைக்கும் மெதுவாக நடந்திருக்கிறார்" என்றார் எழில்வேந்தன்.

"சார், கண்ணைத் தொறந்து பாருங்க! புல்லு ஒண்ணு இருக்குதா? மரத்துல பட்டை இருக்குதா?" என்று அலறினார் சென்னியப்பன்.

"புல்லை எண்ணுவது வேறு துறை."

"பதினோரு லட்சம் பேருங்க!"

"அதை வெள்ளிக்கிழமையும் சொன்னீர்கள்." அதிகாரி அவர் காலைப் பார்த்தார். செருப்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

எழில்வேந்தன் கோப்பைப் பிரித்தார். "கருவி தவறு என்றால் நம்பகமான சாட்சி ஒருவர் சொல்ல வேண்டும். இந்த ஊரில் பொய்க்கணக்கு எழுதாதவர் ஒருவர்தான் இருக்கிறார். துளசிமணி யார்?"

பந்தல் இருந்த இடத்தில், குப்புறக் கிடந்த அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தாள் அவள். எழுந்து வந்தாள். அறுபத்து மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்; அவர்கள் வாழ்நாளில் அவள் சொல்வதை ஆசையாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"இன்றைக்கு எத்தனை கப் விற்றீர்கள் அம்மா?"

கப் கணக்கில் அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அத்தனை பேருடைய கையும் அடுத்தவர் தோளில் இருந்தபோது, கப்பைக் கையில் வாங்க யாரால் முடியும்?

"ஒண்ணுங்க" என்றாள். "அதையும் கால் நோவுதுன்னு நானே குடிச்சேன்."

"கருவி ஒன்று. கப்பும் ஒன்று" என்று எழுதிக்கொண்டார் எழில்வேந்தன். இவ்வளவு துல்லியமாக இரண்டு அளவைகள் ஒத்துப்போனதை அவர் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை. மகிழ்ச்சியோடு பாதையின் வாசற்கதவைச் சாத்தி முத்திரை வைத்தார்.

"சார், அந்தக் கப்பை நம்பாதீங்க" என்று அவர் கையைப் பிடித்தாள் துளசிமணி. "வந்தாங்க சார். பதினோரு லட்சம் பேரும் வந்தாங்க. நான் பார்த்தேன்."